முகம் காட்டினால் திறக்கும்

"என் போன எடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க அண்ணி. வேற ஒண்ணும் நான் கேக்கல."

"எடுத்தாங்களாம். ஒன் மூஞ்சியக் காட்டுனாத்தான அது தொறக்கும். ஒன் மூஞ்சியக் கழட்டிக்கிட்டா நான் போனேன்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

"காலங்காத்தால வாயக் கிண்டாத ஜெசி. எனக்கு பஸ் போயிரும்."

ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிசனில், மூன்றாம் லயத்து வீட்டு வரிசையில் சனிக்கிழமை ஆறே முக்காலுக்கே இப்படித் தொடங்கிவிட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டு இராக்கம்மா, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போக எடுத்த கூடையை இறக்கி வைத்துவிட்டு, செருப்பில் இல்லாத கல்லைத் தேட ஆரம்பித்தாள். அவள் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கிறது. கூரை வரைக்கும் போகத்தான் அதற்கு என்றைக்கும் மனம் வந்ததில்லை.

இந்த வாரம்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

ஜெசீகாவுக்கு இருபத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. விடுதிப் பள்ளியில் ஆறு புள்ளி பிரெயில் எழுத்துப் படித்து, ஓ.எல். பரீட்சை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள். அண்ணன் றொபின்சன் தோட்டத்து லொறி ஓட்டுகிறான். அண்ணி அனுஷ்காவுக்கு கார்மெண்ட்ஸில் வேலை. அம்மா இருதயம்மா கொழுந்து பறிக்கிறாள். மூன்று பேரும் படியிறங்கிப் போனதும் இரண்டு பிள்ளைகள், அடுப்பு, துவைக்கிற துணி எல்லாம் ஜெசீகா கையில். "கண்ணு தெரியாத புள்ள, நாங்கதான் பாத்துக்கிறோம்" என்று றொபின்சன் வேதக்கோயில் வாசலில் நின்று சொல்லுவான். சொல்லும்போது அவன் போட்டிருக்கிற சட்டை அவள் துவைத்து மடித்ததாக இருக்கும்.

போன் கதை அதற்கும் மேல். அவளுடைய பழைய போனில் கீழே நடுவில் குழிவாக ஒரு பட்டன் இருந்தது. விரல் வைத்தால் திறக்கும். உள்ளே எங்கே வழி தவறினாலும் அதை அமுக்கினால் போதும், புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். இயர்போன் வயருக்கு ஒரு துளையும் இருந்தது. வயரைச் சொருகிவிட்டால் போன் வாசிப்பதெல்லாம் அவள் காதோடு நின்றுவிடும். திரையைக் கறுப்பாக்கி வைத்திருப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது செத்துப்போன போன்.

அந்தப் போனுக்கு இனி அப்டேட் வராது என்றார்கள். றொபின்சன் புதுசு வாங்கிக் கொடுத்தான். கொடுத்த அன்றைக்கே நான்கு லயத்துக்கும் சொல்லியும் முடித்தான். சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று ஒன்று. பட்டன் கிடையாது, துளை கிடையாது. கீழேயிருந்து மேலே தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்தால் ஒன்று நடக்கும், கூடத் தேய்த்தால் வேறொன்று. முதல் கிழமை அவள் தேய்த்த தேய்ப்பில் கோயில் உபதேசியாருக்கு மூன்று தரம் கால் போய், "என்னம்மா, வீட்டுல யாருக்கும் சீரியஸா?" என்று அவர் பதறிப்போனார். வயருக்குப் பதிலாகக் காதுக்குள் வைக்கிற பட்டாணி இரண்டு வந்தன. ஒன்று லயத்துச் சாக்கடைக் கானில் விழுந்து தண்ணீரோடு போனது. மிச்சமிருந்தது விட்டு விட்டுப் பேசியது.

வேறு வழியில்லாமல் போனைச் சத்தமாகப் பேச விட்டாள். ஒரு நாள் சோறு வடிக்கிற நேரத்தில், மரண அறிவித்தல் வாசிக்கிற அதே நிதானத்தோடு அது லயத்துக்கு அறிவித்தது: "ஜெஸ்டின். உங்கள் நினைவாகவே இருக்கிறது. சாப்பிட்டீர்களா."

அன்றைக்கு மூன்றாம் லயத்தில் சாப்பிடாதவர்களும் வயிறு நிறைந்துதான் படுத்தார்கள்.

ஜெஸ்டின் பண்டாரவளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறான். அவனுக்கும் பார்வை இல்லை. வாட்ஸ்அப் குழு ஒன்றில் குரலாக அறிமுகமாகி, இரண்டு வருடம் குரலாகவே பழகியவன். கட்டிக்கொள்கிறேன் என்றான். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஓலைக்குப் பெயர் கொடுக்க இந்தச் சனிக்கிழமை மத்தியானம் கடைசி. "ரெண்டு குருடும் சேந்து அடுப்புப் பத்த வைக்குமா?" என்று றொபின்சன் கேட்டான். அவன் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை யார் ஊற்றினார்கள் என்பதை அவன் யோசிக்கவில்லை.

குரலில் பேசினால் வீடே கேட்கிறது என்பதால் ஜெசீகா எழுத்துக்கு மாறியிருந்தாள். போனை நெஞ்சோடு அணைத்து, திரை வெளிப்பக்கம் இருக்க, ஆறு விரலால் ஆறு புள்ளியைத் தொட்டுத் தொட்டு எழுதுகிற விசைப்பலகை அது. சத்தமே வராது. ஜெஸ்டினுக்கும் சொல்லி வைத்தாள், இனிமேல் எழுத்துத்தான் என்று. வியாழக்கிழமை எழுதினாள்: "சரி. ஓலைக்கு எழுதிக் குடுங்க."

சனிக்கிழமை விடியற்காலை போனை எடுத்தால் ஆறு புள்ளியைக் காணோம். கண் உள்ளவர்கள் தட்டுகிற விசைப்பலகை அந்த இடத்தில் குந்தியிருந்தது. ஜெஸ்டின் பெயரைத் தொட்டதும் போன் சொன்னது: "இந்த எண்ணை நீங்கள் தடுத்திருக்கிறீர்கள்."

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தைத்தான் இராக்கம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போயிட்டா ஒங்க புள்ளைங்கள யாரு பாக்குறது, அதான அண்ணி?"

அனுஷ்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே திரும்பினாள். "ஆமா, அதான். நீ போனா நான் வேலைய விட்டுட்டு இந்த அடுப்படியில உக்காரணும். அத ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லுறேன். ஒளிஞ்சு செய்ய எனக்கு என்னா அவசியம்?"

"அதுவா மாறியிருக்கும்" என்றான் றொபின்சன், கொட்டாவி விட்டபடி. "அப்டேட் வந்திருக்கும். புதுப் போன்ல அப்பிடித்தான், எல்லாம் அதுவா மாறும்."

"நம்பர் கூட அதுவா தடுத்துக்குமா அண்ணே?"

"எனக்கென்னா தெரியும். நான் என்னா போன் கம்பனியா?"

இருதயம்மா ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு ரொட்டிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

ஜெசீகா வெள்ளைப் பிரம்பை எடுத்தாள். "அண்ணே, ஒங்களுக்கு இன்னைக்கு லொறி இல்லதான? புள்ளைங்களப் பாத்துக்கங்க. நான் டவுனுக்குப் போறேன்."

"நானா?"

"சோறு பானையில வச்சிருக்கேன். கஞ்சியாக்கிராதீங்க."

பண்டாரவளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாள். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி, "தனியாவா மகள்? வீட்டுல யாரும் இல்லியா?" என்று கேட்டாள். "அஞ்சு பேர் இருக்காங்க" என்றாள் ஜெசீகா.

போன் வாங்கிய கடை, எல்லாரும் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற நப்ரீஸுடையது. பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம். வறுத்த கடலை மணத்துக்கு அடுத்த வாசல். நப்ரீஸ் நல்ல மனுஷன். உதவி கேட்டவருக்கும் செய்வான், கேட்காதவருக்கும் செய்வான். இரண்டாவது வகையில்தான் சனி பிடிக்கும்.

"கீபோர்ட யாரோ மாத்தியிருக்காங்க தங்கச்சி. தானா மாறாது இது."

"நம்பர்?"

"அதுவும் ஆரோ செஞ்சதுதான். நேத்து."

"நான் போன கீழயே வைக்கல நானா. ராத்திரி தலகாணிக்குக் கீழ. தொறக்குற நம்பர் யாருக்கும் தெரியாது. எப்பிடித் தொறந்தாங்க?"

நப்ரீஸ் தொண்டையைச் செருமினான். "இதுல முகம் காட்டினாத் தொறக்கும்தானே. கண்ணால நேராப் பாத்தாத்தான் தொறக்கணும் என்டு ஒரு செட்டிங் இருக்கு. ஒங்களுக்கு அது சரிவராதே. அதால நான்தான் அத ஓஃப் பண்ணி வச்சேன்."

"அப்ப, நான் பாக்கவே தேவயில்ல."

"தேவயில்ல. முன்னுக்குப் புடிச்சாப் போதும்."

பழைய போனைத் திறக்க வேண்டுமென்றால் அவள் விரலைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்திருக்கும். முகம் அப்படியில்லை. முகம் எப்போதும் வெளியே கிடக்கிறது, வாசலில் காயப்போட்ட துணி மாதிரி, போகிறவன் வருகிறவன் எல்லாம் எடுக்கலாம்.

"தொறந்தா அது பேசுமே. எனக்குக் கேட்டிருக்குமே."

"பக்கத்துப் பட்டன மூணு தரம் அமுக்கினா பேச்சு நின்டுரும்." நப்ரீஸ் இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "வாங்கின அன்டைக்கே நான்தான் காட்டிக் குடுத்தேன். வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா ஒங்களுக்கு உதவி என்டு நெனச்சேன்."

"எங்க அண்ணிக்கா காட்டுனீங்க?"

"அவங்க கடைக்கே வரல்லியே. ஒங்கட அண்ணனுக்கு."

காலையில் ஜெசீகா அண்ணியிடம் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

"முகத்த அழிச்சிருங்க நானா. தொறக்குற நம்பர் மட்டும் இருக்கட்டும். புதுசா நானே போடுறேன், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

நப்ரீஸ் உண்மையாகவே திரும்பிக்கொண்டான். அவளுக்கு அது தெரியாது என்றாலும்.

பதினொன்றே கால். ஓலைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. டியூட்டியில் ஜெஸ்டின் கைபேசி வைத்திருப்பதில்லை. ஆஸ்பத்திரி எண்ணுக்கே கால் எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே அந்தக் குரல், மூன்று பாஷையிலும் வணக்கம் சொல்லி, யாரைத் தொடர்புபடுத்த வேண்டும் என்று கேட்டது.

"ஒங்களத்தான்" என்றாள்.

அவன் அந்த வணக்கக் குரலை இறக்கி வைத்தான்.

"சொல்லுங்க ஜெசி."

"நேத்து என் போன்லேருந்து ஒங்களுக்கு ஏதாவது வந்திச்சா?"

"வந்திச்சே. சாயந்தரம் ஆறரைக்கு. எனக்கு விருப்பமில்ல, வீட்டுக்காரங்க சொல்றதுதான் சரி, இனிமே எழுத வேணாம்."

"அது நான் எழுதல. எங்க அண்ணன் எழுதியிருக்காரு. என் முகத்துக்கு முன்னால போனப் புடிச்சுத் தொறந்திருக்காங்க."

அவன் உடனே நம்பினான். அதுதான் கொடுமை. நம்பாமல் சண்டை போட்டிருந்தால் அவள் சளைக்காமல் சண்டை போட்டிருப்பாள்.

"அப்பிடியா" என்றான் மெதுவாக. "நான் அஞ்சு நிமிஷத்துல ‘சரி’ன்னு போட்டேனே."

"அத அழிச்சிட்டாங்க. நீங்க ஏன்னு கேக்கலியா?"

"கேக்கல."

"ரெண்டு வருஷம் பேசியிருக்கோம். ஒரு கால் எடுத்து ஏன்னு கேக்கலியா?"

"வேணாம்னு சொன்னவங்கள எப்பிடிக் கேக்குறது ஜெசி? எனக்கும் ஒரு இது இருக்கில்ல. மட்டக்களப்புக் கிளைக்கு ஆள் கேட்டாங்கன்னு சொன்னேன்ல. போகலன்னுதான் இருந்தேன். நேத்தே மேனேஜருக்கு கால் எடுத்து வர்றேன்னு சொல்லிட்டேன். செவ்வாக்கிழம போறேன்."

"இன்னைக்கு எடுத்து வரலன்னு சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள உபதேசியாருக்கும் சொல்லிரலாம். நான் இங்கதான், பஜார்ல நிக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு நடந்தா பத்து நிமிஷம்."

"வராதீங்க. டியூட்டில இருக்கேன்."

"ஜெஸ்டின்."

"கோவப்படாம கேளுங்க. இப்ப பேசுறது நீங்கதான். அது எனக்குத் தெரியுது. நாளைக்கு வர்ற மெசேஜ் யாரு எழுதுனதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வியாழக்கிழம சரின்னு சொன்னீங்க. அத என் போன் வாசிச்சிச்சு. வெள்ளிக்கிழம வேணாம்னு சொன்னாங்க. அதையும் அதே குரல்லதான் வாசிச்சிச்சு. ஒரு வித்தியாசமும் இல்ல. நான் யோசிச்சுப் பாக்குறேன், இதுக்கு முன்னால வந்ததுல எது ஒங்களோடது, எது இல்லன்னு."

"எல்லாம் என்னோடதுதான்."

"இருக்கும்" என்றான். "கொஞ்சம் லைன்ல இருங்க, வேற கால் வருது."

சங்கீதம் போட்டான். ஆஸ்பத்திரிகளில் போடுவார்களே, சாவுக்கும் பொருந்தி கல்யாணத்துக்கும் பொருந்துகிற ஒரு சங்கீதம். அதைக் கேட்டுக்கொண்டே பன்னிரண்டு அடிக்கும் வரைக்கும் ஜெசீகா கடையில் நின்றாள். நப்ரீஸ் ஒரு கோலாப் போத்தலைத் திறந்து அவள் கையருகே வைத்தான். அவள் தொடவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் ஒரு கணக்கு உதைத்தது. நேற்று ஆறரைக்கு அவள் போன் மடியில் இருந்தது. அம்மா பின்னால் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் முன்னால் வந்து, "கண்ணுல பீள இருக்குடி, நிமிரு" என்று தாடையைப் பிடித்துத் தூக்கி, சேலைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்தாள். அம்மா அப்படித் தொட்டு எத்தனையோ வருடம் இருக்கும். ஜெசீகா ஆசையோடு முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தாள். நிறைய நேரம் காட்டினாள். மடியில் போன் இருந்ததா என்று அப்போது அவள் தடவிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சோறு கஞ்சியாகியிருந்தது. சின்னப் பிள்ளை ஒரே சட்டையில் மூன்று விதமாக அழுக்காகியிருந்தான். பிள்ளைக்குக் கரைக்கிற மாப்பால் டின் எங்கே என்று தெரியாமல் றொபின்சன் வீட்டையே கவிழ்த்து வைத்திருந்தான். எட்டு வருடமாக அது ஒரே தட்டில்தான் இருக்கிறது.

அம்மா அரை நாள் வேலை முடித்து அடுப்படியில் இருந்தாள். ஜெசீகா பிரம்பை மடிக்காமலே நின்றாள்.

"நீதான என் மூஞ்சியப் புடிச்சே?"

இருதயம்மா மழுப்பவில்லை. "நான்தான் புடிச்சேன். அவன்தான் எழுதினான்."

"என்னா எழுதுனாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"எனக்கு வாசிக்கவா தெரியும்? நீ போகாத மாதிரி எழுதுறான்னு தெரியும். அது போதும்னு இருந்திச்சு."

"எனக்குப் போதுமான்னு கேக்கலியேம்மா."

"ரெண்டு பேருக்கும் கண்ணு இல்லாம, ஒரு காச்சல் வந்தா யாருடி யாரப் பாப்பீங்க?"

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சோம்" என்றான் றொபின்சன், கையில் காலிக் கோப்பையோடு. "ஒருநாள் நீயே சொல்லுவ."

"மாப்பால் டின் ரெண்டாவது தட்டுல இருக்கு அண்ணே. வலது கைப்பக்கம்."

சாயந்தரம் அனுஷ்கா பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, ஜெசீகா லயத்து முனையிலேயே நின்றுகொண்டிருந்தாள். இராக்கம்மா விறகு அடுக்குகிற சாக்கில் அங்கேயே இருந்தாள்.

"அண்ணி, காலையில நான் பேசுனது தப்பு."

"தப்புத்தான்" என்றாள் அனுஷ்கா. வேலை முடிந்து வந்த களைப்பில் அவளுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை, சமாதானமாகவும் தெம்பில்லை. "அந்த மனுசன் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். பொய் சொல்லக்கூடாதுல்ல."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசித்தார்கள். வேறு இரண்டு பேருக்கு. ஜெசீகா முன் பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

திங்கட்கிழமை அவள் பதுளைக்குப் போனாள். பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு சின்ன விடுதியில், ஆறு புள்ளி சொல்லிக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மதுஷா என்ற பழைய பள்ளித் தோழி அங்கே இருந்தாள். ஒரு பை, ஒரு பிரம்பு, ஒரு போன். பஸ் ஏற்றிவிட றொபின்சன் வந்தான். பையைத் தூக்கவும் செய்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

இரண்டு மாதத்தில் அனுஷ்கா கார்மெண்ட்ஸ் வேலையை விட்டாள். இப்போது மூன்றாம் லயத்தில் காலைச் சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இருதயம்மா மாதத்துக்கு ஒரு தரம் பதுளைக்குப் பஸ் பிடித்து, சோறும் கருவாடும் கட்டிக்கொண்டு போகிறாள். ஜெசீகா சாப்பிடுகிறாள், பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுக்கிறாள். முகத்தைத் தொட மட்டும் விடுவதில்லை.

ஜெஸ்டின் சொன்னபடி செவ்வாய்க்கிழமையே மட்டக்களப்புக்குப் போனான். அடுத்த தை மாதம் அங்கேயே கட்டிக்கொண்டான். பெண்ணுக்குக் கண் தெரியும் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். அதை ஜெசீகாவின் போன் வழக்கமான அந்தக் குரலிலேயே வாசித்தது. அடுத்ததாக யாரோ விற்கிற பழைய பிரிட்ஜ் ஒன்றின் விவரத்தையும் வாசித்தது.

மாசி பிறந்த கிழமை, பிள்ளைகள் தூங்கப் போகும் முன்னே, பூச்சியம் அறுபத்தைந்தில் தொடங்கும் எண்ணிலிருந்து அவளுக்கு ஒரு கால் வந்தது. மட்டக்களப்பு. எடுத்தாள். அந்தப் பக்கம் பேசியது ஒரு பெண்.

"ஜெசீகா எண்டுறது நீங்களா? போனை வச்சிராதீங்க. நான் ஜெஸ்டின்ட மனுசி கதைக்கிறன்."

ஜெசீகா வைக்கவில்லை.